புதுத் தொட்டி 24 நாளாக அப்படியே நிற்கிறது: ஆர்ஓ தண்ணீர்தான் காரணமா?

நீலத்தொட்டி (மேடவாக்கம், சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் வாசகனாக மட்டும் இருந்தேன். இன்று வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

2 அடித் தொட்டி, மணல் போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 75 லிட்டர். ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒன்று, பின்னால் தொங்கும் ஃபில்டர் ஒன்று. மீன் விடாமல் சைக்கிள் செய்யலாம் (அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை மீனுக்கு முன்பே வளர்க்கலாம்) என்று ரசாயனக் கடையில் சுத்தமான அம்மோனியம் குளோரைடு வாங்கினேன். முதல் நாள் கிட்டத்தட்ட 1 கிராம் போட்டதில் அம்மோனியா 4 பிபிஎம் (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) காட்டியது. 11ஆம் நாள் குறையத் தொடங்கியது. 16ஆம் நாள் 1 பிபிஎம். துள்ளிக் குதித்துக்கொண்டு மறுபடி 4 ஆக்கினேன். இன்று 24ஆம் நாள். அதே 4. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. நைட்ரைட் சோதனைக் குழாய் கத்திரிப்பூ நிறத்தில் அட்டையின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறது. பிஎச் 6.0, அதாவது என் கிட் காட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு.

எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 1300. அதைப் பார்த்துப் பயந்து தொட்டி முழுக்க ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றினேன். கடைக்காரரைக் கேட்டால் "பாக்டீரியா செத்துப்போயிருக்கும், இன்னொரு பாட்டில் வாங்கிப் போடுங்கள்" என்கிறார். ஏற்கெனவே ஒரு பாட்டில் போட்டாயிற்று. என்ன செய்ய?

---

பாசிப்பிரியை (கோவை)

தம்பி, கேஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, எவ்வளவு என்று எழுதவே இல்லையே? பிஎச்சை மட்டும் பார்ப்பது, காய்ச்சல்காரருக்கு வேறு எதையும் பார்க்காமல் தெர்மாமீட்டர் மட்டும் வைப்பது மாதிரி. கேஎச் கிட் வாங்கி, தொட்டித் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், போர் தண்ணீர் மூன்றையும் சோதித்து எழுதுங்கள். இன்னொரு பாட்டில் மட்டும் இப்போது வாங்காதீர்கள்.

---

பழைய_ராத்தல் (திருச்சி)

எனக்கு 61 வயது. 30 வருடமாக மீன் வளர்க்கிறேன். இந்த கேஎச், ஜிஎச் எல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்லை. கிணற்றுத் தண்ணீர், ஆற்று மணல், நாலு மோலி மீன், ஒரு மணிபிளான்ட் தண்டு. ஒரு மாதம் பொறுத்தால் தொட்டி தானாகப் பழகிவிடும். இப்போதைய பிள்ளைகள் மீனைவிட சோதனைக் குழாயைத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

---

நீலத்தொட்டி

அக்கா, கிட் வந்துவிட்டது.

போர்: கேஎச் 15, ஜிஎச் (கடினத்தன்மை) 25
ஆர்ஓ: கேஎச் 1, ஜிஎச் 1
தொட்டி: முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. அப்படியென்றால் பூஜ்யம்தானே?

---

காற்றுக்குழாய் (சென்னை)

பூஜ்யம்தான். உங்கள் பதிவைப் படித்தபோதே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் இருப்பது கழிவுநீர் சுத்திகரிப்பில், எஸ்டிபி ஓட்டுவதுதான் வேலை. நீங்கள் 75 லிட்டரில் செய்வதை நாங்கள் லட்சக்கணக்கான லிட்டரில் செய்கிறோம். பாக்டீரியா ஒன்றேதான், எங்களிடத்தில் வாசனை மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இந்தப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும்போது அமிலத்தையும் வெளியே விடுகின்றன. அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்வது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட். கேஎச் என்று நீங்கள் அளப்பது அதைத்தான். எங்கள் தொழிலில் ஒரு எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்போம்: 7.14. அம்மோனியா வடிவில் உள்ள 1 மில்லிகிராம் நைட்ரஜன் நைட்ரேட் வரை போய்ச் சேர 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும், கால்சியம் கார்பனேட் கணக்கில். கூடவே 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன்.

உங்கள் தொட்டிக்கு இந்தக் கணக்கைப் போடுவோம். 1 டிகிரி கேஎச் என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். அதை 7.14ஆல் வகுத்தால் 2.5 மில்லிகிராம் நைட்ரஜன். உங்கள் கிட் காட்டும் அம்மோனியா அளவில் சுமார் 3 பிபிஎம். ஆக, 1 டிகிரி கேஎச்சை வைத்துக்கொண்டு 3 பிபிஎம் அம்மோனியாவைத்தான் தின்ன முடியும்.

நீங்கள் தொடங்கியது கேஎச் 1ல். அம்மோனியா 4லிருந்து 1க்கு இறங்கியது. அதாவது 3 பிபிஎம் தின்றாயிற்று, கேஎச் தீர்ந்தது, பிஎச் விழுந்தது, வேலை நின்றது. சொல்லிவைத்தாற்போல் கணக்கு சரியாக வருகிறது பாருங்கள்.

பாக்டீரியா சாகவில்லை. வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

---

நீலத்தொட்டி

சார், தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. அம்மோனியாதான் 4 பிபிஎம் கிடக்கிறதே, பிஎச் குறைந்தால் அதை ஏன் தின்ன முடியாது?

---

நுண்ணோக்கி (வேலூர்)

நான் சொல்லலாமா? நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன்.

தண்ணீரில் அம்மோனியா இரண்டு வேடத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியா வாயு கரைந்த வடிவம், இன்னொன்று ஒரு ஹைட்ரஜன் கூடிய அம்மோனியம். கிட் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. நம் ஊர் 28 டிகிரியில் தோராயமாக:

பிஎச் 6: ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அம்மோனியா வடிவம்
பிஎச் 7: 0.7%
பிஎச் 8: 6.6%

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குப் பிடித்தது அந்த முதல் வடிவம். உங்கள் தொட்டியில் 4 பிபிஎம் இருந்தும் அதன் கைக்கு எட்டுவது 0.003 பிபிஎம். பானை நிறையச் சோறு இருக்கிறது, மூடியைத்தான் திறக்க முடியவில்லை. பிஎச் 6.5க்குக் கீழே போகும்போதே வேகம் தளரும், 6ஐ நெருங்கும்போது வழக்கமான இனங்கள் ஏறக்குறைய நின்றுவிடும். அவற்றுக்கு வசதி 7.5 முதல் 8.5 வரை. அதோடு இவை தங்கள் உடலைக் கட்ட எடுக்கும் கார்பன் நம்மைப் போலச் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, கரைந்த கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட் ஆகியவற்றிலிருந்து வருகிறது. கேஎச் பூஜ்யம் என்பது அதற்கும் நெருக்கடி.

---

வைகைக்கரை (மதுரை)

அப்படியென்றால் எனக்கு ஏன் ஆகவில்லை? என் போர் தண்ணீர் கேஎச் 18, பிஎச் 8.4. நீங்கள் சொல்கிற கணக்குப்படி சொர்க்கம். அம்மோனியாவும் ஜோராகக் குறைகிறது, 5 பிபிஎம் போட்டால் மறுநாள் பூஜ்யம். ஆனால் நைட்ரைட் ஒரு மாதமாக உச்சத்திலேயே நிற்கிறது. வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து முதல் வாரம் 8 பிபிஎம் போட்டேன். அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை 5. எனக்குக் கேஎச் பற்றாக்குறை இல்லையே?

---

காற்றுக்குழாய்

உங்களுடையது நேர் எதிர்க் கோளாறு. நண்பருக்கு மூடி திறக்கவில்லை, உங்களுக்கு மூடி திறந்து கொட்டிவிட்டது.

பிஎச் 8.4, மதுரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் மொத்த அம்மோனியாவில் 17% வாயு வடிவில் இருக்கும். 8 பிபிஎம்மில் அது 1.3க்கு மேல். அம்மோனியாவைத் தின்னும் கூட்டம் இதைத் தாங்கும். நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் தாங்காது. கழிவுநீர்த் துறையில் 1976ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை இன்றைக்கும் எடுத்துக் காட்டுவார்கள்: நைட்ரைட்டைத் தின்பவை லிட்டருக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் தனி அம்மோனியாவிலேயே (அந்த வாயு வடிவம்தான்) மந்தமாகும், அம்மோனியாவைத் தின்பவை 10க்கு மேல் போனால்தான். நீங்கள் ஒரு மாதமாக முதல் கூட்டத்துக்கு விருந்து வைத்து இரண்டாவது கூட்டத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

இன்னொன்று. 1 பிபிஎம் அம்மோனியா 2.7 பிபிஎம் நைட்ரைட்டாகும். ஒவ்வொரு முறை 5 போடும்போதும் 13.5 சேரும். ஒரு மாதத்தில்? கிட் அட்டை 5 பிபிஎம்மோடு முடிகிறது. உங்கள் தொட்டியில் 50 இருந்தாலும் 300 இருந்தாலும் அது ஒரே கத்திரிப்பூதான் காட்டும். இரண்டாவது கூட்டம் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

தொட்டித் தண்ணீர் 1 மில்லி, ஆர்ஓ தண்ணீர் 9 மில்லி கலந்து அதைச் சோதியுங்கள். வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

---

வைகைக்கரை

கலந்து பார்த்தேன். அப்பவும் கத்திரிப்பூ. 😭

---

காற்றுக்குழாய்

அப்படியானால் 50க்கு மேல். 80% தண்ணீரை மாற்றுங்கள், பயப்படாதீர்கள். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை, ஸ்பாஞ்சிலும் மணலிலும் வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறுநாளும் ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் 1 பிபிஎம் மட்டும். கை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பாசிப்பிரியை

சார் சொன்ன ஆக்சிஜன் கணக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. 30 டிகிரித் தண்ணீரில் அதிகபட்சம் கரையும் ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான். 5 பிபிஎம் அம்மோனியா நைட்ரேட்டாவதற்கு அதைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும். அது காற்றிலிருந்துதான் வர வேண்டும். "மீன்தான் இல்லையே, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது" என்று இரவில் ஏர் பம்பை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். சைக்கிள் ஆகும் காலத்தில் பம்ப் 24 மணி நேரமும் ஓட வேண்டும்.

---

யாழ்_கிணறு (யாழ்ப்பாணம்)

நல்ல உரையாடல் போகுது. எங்கட பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இங்கே நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். ஆகவே கேஎச் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். தொட்டி வைத்து எட்டாம் நாள் நைட்ரேட் 40 பிபிஎம் காட்டியது. அம்மோனியா இன்னும் 2 இருந்தது, ஆனாலும் "நைட்ரேட் வந்துவிட்டது, பாதி வேலை முடிந்தது" என்று நினைத்து ஆறு கப்பி மீன் விட்டேன். நாலு போனது. பிறகு ஒரு நாள் சும்மா கிணற்றுத் தண்ணீரையே நேரடியாகச் சோதித்தேன். அதிலேயே 40! தோட்டப் பசளையும் மலசலகூடக் குழியும் சுண்ணாம்புக்கல் வழியாக நேரே கிணற்றுக்குப் போகிற இடம் இது. இங்கே கிணறுகளில் நைட்ரேட் கூடுதலாக இருப்பது பழைய பிரச்சினை. குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை 50தான்.

ஆகவே தம்பிமார், முதல் நாள் தண்ணீரையும் சோதித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கோ.

---

நுண்ணோக்கி

அண்ணா சொன்னதோடு ஒன்று: தொட்டியில் நைட்ரைட் அதிகம் இருக்கும்போது நைட்ரேட் கிட் பொய் சொல்லும். அந்தக் கிட் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே கிடக்கும் நைட்ரைட்டையும் அது நைட்ரேட் என்று எண்ணிக்கொள்ளும். நைட்ரைட் பூஜ்யம் ஆகும்வரை நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம்.

---

நீலத்தொட்டி

சரி, எனக்கு இப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாராவது நேராகச் சொல்லுங்கள். ஆப்பச் சோடா போட்டால் கேஎச் ஏறும் என்று படித்தேன், அதற்குள் அம்மா அந்த டப்பாவை ஒளித்து வைத்துவிட்டார்கள். நான் ஏதோ வெடிகுண்டு செய்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

---

பாசிப்பிரியை

😂 ஆப்பச் சோடா வேலை செய்யும். 1 டிகிரி கேஎச் ஏற்ற லிட்டருக்கு 30 மில்லிகிராம். உங்கள் 75 லிட்டருக்கு 4 டிகிரி ஏற்ற 9 கிராம், சுமார் இரண்டு டீஸ்பூன். ஒரே நாளில் பலன் தெரியும். ஆனால் அது ஜிஎச்சை ஏற்றாது. கால்சியம், மெக்னீசியம் இல்லாத ஆர்ஓ தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

எனக்குப் பிடித்த வழி, வீட்டில் நீங்கள் பயந்து ஒதுக்கிய அந்தப் போர் தண்ணீர். போர் ஒரு பங்கு, ஆர்ஓ மூன்று பங்கு. கேஎச் 15ம் மூன்று 1களும் சேர்ந்து நாலால் வகுத்தால் 4.5. ஜிஎச் அதே கணக்கில் 7. டிடிஎஸ், ஆர்ஓவுக்கு 50 என்று வைத்தால் 360 சொச்சம். பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் சாதாரணத் தொட்டிக்கு இதைவிட நல்ல தண்ணீரை நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாது. நாளை 75% தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்றுங்கள். நைட்ரைட்டும் அதோடு இறங்கும்.

ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் போட்டு வைக்கலாம், கோழிக்குப் போடுவார்களே, அது. பிஎச் இறங்கும்போது அது தானாகக் கொஞ்சம் கரையும். அவசர மருந்து இல்லை, காப்பீடு. பவளத் துண்டு கேட்டுக் கடைக்குப் போகாதீர்கள், இங்கே பவளத்துக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கிளிஞ்சலும் அதே சுண்ணாம்புதான்.

---

கொளத்தூர்_ஞாயிறு (சென்னை)

போர் தண்ணீர் ஊற்றும் முன் அடுக்ககத்தில் விசாரியுங்கள். எங்கள் பிளாட்டில் மாதம் ஒருமுறை சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். போரில் ஏது குளோரின் என்று நான் அலட்சியமாக ஊற்றினேன், எட்டு மாதத் தொட்டி ஒரே நாளில் பழையபடி முதல் வாரத்துக்குப் போய்விட்டது. குளோரினை எதற்குக் கலக்கிறோம்? கிருமியைக் கொல்லத்தானே. நம் பாக்டீரியாவுக்குச் சலுகை கிடையாது.

மெட்ரோ குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கும் இதுதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமே குழாயில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. கடையில் ஆன்டிகுளோரின் என்று தரும் சொட்டு மருந்து பெரும்பாலும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசல்தான். இல்லையென்றால் வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வையுங்கள்.

---

காற்றுக்குழாய்

ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைப்பது போர் தண்ணீருக்கு இன்னொரு விதத்திலும் நல்லது. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அடைந்திருக்கும். குழாயில் பிடித்த உடனே 7.2 காட்டும், மறுநாள் 8.2. உண்மையான பிஎச் மறுநாள் வருவதுதான். பலர் முதல் எண்ணைப் பார்த்துவிட்டு அம்மோனியாக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

---

பழைய_ராத்தல்

நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு கணக்கும் தெரியாமல் என் தொட்டி எப்படி ஓடியது?

---

காற்றுக்குழாய்

ஐயா, நீங்கள் கணக்குப் போடவில்லை, உங்கள் கிணறு போட்டுக்கொடுத்தது. கிணற்றுத் தண்ணீரில் கேஎச் வேண்டிய அளவு இருந்திருக்கும். ஆற்று மணலில் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருந்திருக்கும். நாலு மோலிதான், அவை ஒரு நாளைக்கு விடும் அம்மோனியா கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பாதியை மணிபிளான்ட் வேர் குடித்துவிடும். மோலி உப்புக்கும் கடினத் தண்ணீருக்கும் பிறந்த மீன் வேறு. உங்கள் முறையில் குறையே இல்லை.

அந்தக் கிணறு இல்லாதவர்தான் இங்கே கேள்வி கேட்டிருக்கிறார். உங்கள் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு ஆர்ஓ தண்ணீரில் செய்தால் மோலிதான் சாகும்.

---

பழைய_ராத்தல்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கிணறு பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேட்டால் சிரிக்கக் கூடாது. மூன்று வருடம் முன்பு கிணறு வற்றி, ஏழெட்டு மாதம் கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். அதுவும் குறைந்ததை நிரப்புவது மட்டும், தண்ணீர் மாற்றவில்லை. மீன்கள் நன்றாகத்தான் இருந்தன, கொஞ்சம் சோர்வு. அப்புறம் மழை வந்து கிணறு ஊறியதும் ஆசையாக மூன்றில் ஒரு பங்கு புதுத் தண்ணீர் ஊற்றினேன். அன்று இரவே ஐந்து மீன் போய்விட்டது. நல்ல தண்ணீர் ஊற்றியதற்கா சாகும் என்று இன்று வரை புரியவில்லை.

---

பாசிப்பிரியை

ஐயா, யாரும் சிரிக்க மாட்டோம். இந்தப் பேச்சிலேயே முக்கியமான கதை உங்களுடையதுதான்.

கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ. ஏழெட்டு மாதத்தில் தொட்டியின் கேஎச்சைப் பாக்டீரியா தின்று தீர்த்திருக்கும். பிஎச் விழுந்து, பாக்டீரியா நின்று, அம்மோனியா சேரத் தொடங்கியிருக்கும். ஆனால் பிஎச் 6ல் அது முழுக்க அம்மோனியம் வடிவம், மீனை அவ்வளவாகச் சுடாது. 8 பிபிஎம் சேர்ந்திருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் விஷ வடிவம் 0.006தான். இந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மொத்த அம்மோனியா 5.3 ஆகக் குறைகிறது, நல்லதுதான். ஆனால் பிஎச் 7.8க்கு எகிறுகிறது. விஷ வடிவம் 0.23. குறைத்ததாக நினைத்த இடத்தில் கிட்டத்தட்ட 40 மடங்கு ஏறியிருக்கிறது. பிஎச் தாவியதும் தனி அதிர்ச்சி.

இப்படிப்பட்ட தொட்டிக்குத் தினமும் அரைக் குவளை, ஒரு குவளை என்று வாரக்கணக்கில் மெதுவாகத்தான் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

---

பழைய_ராத்தல்

மூன்று வருடம் கிணற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா, அந்தக் கேஎச் கிட் எங்கே கிடைக்கும்?

---

குன்னூர்_மூடுபனி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் தொட்டித் தண்ணீர் 16, 17 டிகிரி. சைக்கிள் ஆக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அடுத்த தொட்டிக்கு ஹீட்டர் வைத்து 27ல் நிறுத்தினேன், ஐந்து வாரம். சமவெளிக்காரர்களுக்கு இந்தச் செலவு மிச்சம்.

---

கொளத்தூர்_ஞாயிறு

பாட்டில் பாக்டீரியா வாங்கலாமா வேண்டாமா என்று யாராவது தீர்த்து வைத்தால் புண்ணியம். எனக்கு ஒன்று வேலை செய்தது, மூன்று வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

---

நுண்ணோக்கி

பாட்டிலுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உலர் பொடியாக வருபவற்றில் பெரும்பாலும் பேசில்லஸ் வகை இருக்கும். அது வித்தாக உறங்கும், அலமாரியில் வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் மிச்சத் தீனியைச் சிதைக்கும் இனம் அது, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் இனம் இல்லை. உண்மையான நைட்ரஜன் பாக்டீரியா வித்து போடுவதில்லை. வெயிலில் வண்டியில் வந்து, கூரை கொதிக்கும் கடையில் ஆறு மாதம் நின்ற பாட்டிலில் அது எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சுவாரசியம். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகங்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 1998ல் நன்னீர்த் தொட்டிகளை மரபணு வழியாகத் தேடியபோது அங்கே அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா. 2011ல் வந்த ஆய்வில், பல நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அம்மோனியாவைத் தின்பவற்றில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறு வகை உயிர்கள்தான் அதிகம் என்று தெரிந்தது. 2015 டிசம்பரில் இன்னொரு குண்டு: அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே நைட்ரோஸ்பைரா செய்துவிடும். அதில் ஒன்று கிடைத்தது மீன் பண்ணை ஒன்றின் மறுசுழற்சி ஃபில்டரில்தான்.

இவை மெதுவாகப் பெருகும். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும், இவற்றுக்கு வசதியான சூழலிலேயே பல மணி நேரம், சில நேரம் ஒரு நாள்கூட ஆகும். முதல் வாரம் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கினால் "பாக்டீரியா வந்துவிட்டது" என்று கொண்டாடாதீர்கள். அது வேறு கூட்டம்.

---

யாழ்_கிணறு

பாட்டிலை விடுங்கோ. ஓடிக்கொண்டிருக்கிற தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்சு கேளுங்கோ. ஈரம் காயாமல், அந்தத் தொட்டித் தண்ணீரோடேயே கொண்டுவந்து உங்கட ஃபில்டருக்குள் செருகினால் போதும். நோய் இல்லாத தொட்டியா என்று மட்டும் பாருங்கோ. கடைகளில் தண்ணீர் நீலமாக இருந்தால் அந்த ஸ்பாஞ்சு வேண்டாம், மெத்திலீன் ப்ளூ மருந்து இந்தப் பாக்டீரியாவையும் கெடுக்கும்.

---

நீலத்தொட்டி (31ஆம் நாள்)

நிலவரம் சொல்கிறேன். சம்ப் கழுவும் நாளை வாட்ச்மேனிடம் கேட்டு, போர் தண்ணீரை ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு வைத்துக் கலந்தேன், அக்கா சொன்ன 1:3. 75% மாற்றம். கேஎச் 3.5, பிஎச் 7.6. அம்மோனியா 1. மூன்றாம் நாளே பூஜ்யம்!! பிறகு தினம் 1 பிபிஎம் போடுகிறேன், மறுநாளே போய்விடுகிறது.

நைட்ரைட் மட்டும் பத்து மடங்கு கலந்து பார்த்தால் 5ல் தொடங்கி இப்போது 10க்கு மேல். இறங்கவே இல்லை. எனக்கும் மதுரை அண்ணன் வியாதியா?

---

காற்றுக்குழாய்

இல்லை, பிஎச் 7.6ல் 1 பிபிஎம் போடும்போது தனி அம்மோனியா 0.03தான். அது காரணமில்லை. நைட்ரைட்டைத் தின்பவை இயல்பிலேயே பின்தங்கி வருபவை. ஆனால் உங்கள் தொட்டியில் இன்னொரு சந்தேகம் இருக்கிறது. முக்கால் பங்கு ஆர்ஓ, அம்மோனியாவோ சுத்த ரசாயனம், மீன் இல்லை, தீனி இல்லை. பாஸ்பரஸ் எங்கிருந்து வரும்? எங்கள் பிளான்ட்டுக்கு வரும் கழிவில் அது வேண்டாம் என்கிற அளவு இருக்கும். உங்கள் தொட்டியில் துளியும் இல்லாமல் இருக்கலாம். பாஸ்பேட் இல்லாமல் எந்தச் செல்லும் பெருகாது.

மீன் தீனி ஒரு சிட்டிகை போடுங்கள். ஒரே ஒரு சிட்டிகை.

---

கொளத்தூர்_ஞாயிறு

ஒரு சிட்டிகை என்று சார் சொன்னது நிஜமாகவே ஒரு சிட்டிகை. நான் ஒரு முறை யாரோ சொன்னார்கள் என்று முழு இறாலைத் தொட்டியில் போட்டு அழுக வைத்தேன். அம்மோனியாவும் வந்தது, பாஸ்பேட்டும் வந்தது, மூன்றாம் நாள் கீழ் வீட்டு மாமியும் வந்தார்.

---

வைகைக்கரை

என் பக்கத்து நிலவரம்: இரண்டு முறை 80% மாற்றினேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் 1 பிபிஎம். ஒன்பதாம் நாள் நைட்ரைட் இளநீலம், அதாவது பூஜ்யம். ஒரு மாதம் அடம்பிடித்தது ஒன்பது நாளில்! கேஎச் 18லிருந்து 15 ஆகியிருக்கிறது, அதையும் இப்போதுதான் கவனிக்கிறேன்.

சந்தேகம்: மீன் விடும்போது நைட்ரைட் கொஞ்சம் மிச்சம் இருந்தால் உப்பு போடலாம் என்கிறார்களே, அது பாக்டீரியாவைக் கொல்லாதா?

---

பாசிப்பிரியை

அந்த அளவுக்குக் கொல்லாது. உப்பில் உள்ள குளோரைடு, மீனின் செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். இல்லையென்றால் ரத்தம் பழுப்பாகி, தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். 10 லிட்டருக்கு 1 கிராம் சாதாரண உப்பே பெரிய வித்தியாசம் செய்யும். உங்கள் போர் தண்ணீர் கரித்தால் அதில் ஏற்கெனவே குளோரைடு இருக்கிறது, அதுவே போதும். ஆனால் நைட்ரைட் பூஜ்யம் ஆகும்வரை பொறுக்க முடிந்தால் உப்பே தேவையில்லை, தம்பி.

---

நீலத்தொட்டி (40ஆம் நாள்)

நேற்று இரவு 9 மணிக்கு 2 பிபிஎம் அம்மோனியா போட்டேன். இன்று இரவு 9 மணிக்கு அம்மோனியா 0, நைட்ரைட் 0. நம்பாமல் மூன்று முறை சோதித்தேன். கேஎச் 2க்கு வந்துவிட்டது, சார் கணக்குப்படி இறங்கித்தானே ஆக வேண்டும். நாளை மறுபடி 1:3 கலவையில் 70% மாற்றம், நைட்ரேட்டும் குறையும். ஞாயிறு கொளத்தூர் மீன் சந்தைக்குப் போகிறேன். ஆறு ராஸ்போரா மீன்களோடு நிறுத்திக்கொள்வேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.

ஆப்பச் சோடா டப்பா திரும்பக் கிடைத்துவிட்டது.

---

கொளத்தூர்_ஞாயிறு

காலை ஏழு மணிக்கு முன்பே வாருங்கள், வெயிலும் கூட்டமும் ஏறிவிடும். மீன் பையின் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கடைத் தண்ணீர் பிஎச் என்ன என்று கேட்டால் முறைப்பார்கள், கிட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், அங்கேயே பார்த்துவிடலாம்.

---

பழைய_ராத்தல்

எனக்குக் கிட் வந்துவிட்டது. கிணறு கேஎச் 13. தொட்டி 2. அம்மா, தினமும் ஒரு குவளை என்றீர்களே, எந்தக் குவளை? என் வீட்டுக் குவளை ஒன்று அரை லிட்டர், ஒன்று கால் லிட்டர்.

---

பாசிப்பிரியை

கால் லிட்டர், ஐயா. முதலில் அம்மோனியா எவ்வளவு என்று பார்த்துவிட்டு.